நாலாவது மலை: தேசிங்குராசன் கதையும் சேணம் தைத்த கைகளும்

1

செஞ்சிக் கோட்டை என்றால் மூன்று மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும், சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினாலும் இதுதான் இருக்கும். ஆனால் செஞ்சியில் நாலாவதாக ஒரு மலை உண்டு. மற்ற மூன்றையும்விடச் சின்னது. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். இந்துஸ்தானி பேசினவர்கள் அதே குன்றை சமார் டிக்ரி என்றார்கள். சமார் என்பது வடக்கே தோல் வேலையோடு சேர்த்துக் கட்டப்பட்ட சாதியின் பெயர். டிக்ரி என்றால் குன்று. ஆள்கிறவன் மாறினான், மொழி மாறியது, குன்று மட்டும் இரண்டு மொழியிலும் தோல் தைக்கிறவன் பெயரையே சுமந்தது.

கோட்டைப் படைக்குச் செருப்பும் வாரும் தைத்தவர்கள் அங்கே குடியிருந்திருக்கலாம் என்று, எழுதுகிறவர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ராஜகிரியில் களஞ்சியம் எது, கல்யாண மகால் எது, குதிரை லாயம் எது என்று கைநீட்டிக் காட்ட ஆள் இருக்கிறது. லாயத்தில் நின்ற குதிரைக்குச் சேணம் எந்தக் கையிலிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் 'இருக்கலாம்' என்ற சொல் வந்துவிடுகிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள். 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. 1677ல் சிவாஜி பிடித்த கோட்டை, 1690 முதல் 1698 வரை ராஜாராம் இருந்து முகலாயரை எதிர்த்த கோட்டை என்பது இதற்குக் காரணம். கோட்டைக்கு விருது வந்துவிட்டது. நல்லது. அந்த எட்டு வருச முற்றுகையில் அறுந்த கடிவாளத்தையும் பிய்ந்த வாளுறையையும் யார் உட்கார்ந்து தைத்தார்கள் என்ற கேள்வி விருதுக்கு வெளியே நிற்கிறது. இந்தக் கேள்வியோடு தேசிங்குராசன் கதையையும் அதையொத்த நம் வீரக் கதைகளையும் திரும்ப வாசித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

முதலில் வரலாறு. ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக் கோட்டையின் பொறுப்பு புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கிடம் வந்தது. 1714ல் அவர் இறந்தபின் மகன் தேஜ்சிங் வந்தான். தேஜ்சிங்தான் நம் வாயில் தேசிங்கு. கப்பப் பாக்கி கேட்ட ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்கு அவன் மசியவில்லை. 1714 அக்டோபர் 3ஆம் தேதி சண்டையில் செத்தான். வயது இருபத்திரண்டு என்கிறார்கள். செஞ்சியை அவன் ஆண்டது சில மாதம்தான். அந்தச் சில மாதத்தைத்தான் ஜனங்கள் முந்நூறு வருசமாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாட்டில் வரும் தேசிங்கு குதிரையால் ஆனவன். டில்லி பாதுஷாவிடம் யாரும் ஏறமுடியாத தெய்வக் குதிரை ஒன்று இருக்கிறது. அதை அடக்க முடியாமல் தேசிங்கின் தகப்பன் சிறைப்படுகிறான். பையன் போய் ஏறி ஓட்டிக் காட்டுகிறான். தகப்பன் விடுதலை, குதிரை பரிசு, பெண் பரிசு. கதையின் முதல் விருது சவாரிக்குத்தான் கிடைக்கிறது. கடைசியிலும் குதிரைதான். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காகச் சாகும் மகமத்கானுக்கு ஒரு குதிரை, தேசிங்குக்கு ஒரு குதிரை. பாராசாரி, நீலவேணி என்று குதிரைகளுக்கும் பெயர் உண்டு. சிங்கவரம் ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்ட கதை உண்டு. உடன்கட்டை ஏறின ராணி உண்டு. ராஜா, தோழன், ராணி, சாமி, குதிரை எல்லாரும் பாத்திரங்கள். சேணம் தைத்தவன் பாத்திர வரிசையில் இல்லை. 1960ல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தில் தேசிங்கும் எம்.ஜி.ஆர்., இன்னொரு வீரனும் எம்.ஜி.ஆர். ஒரே நடிகருக்கு இரண்டு வீரர்கள் கிடைத்தார்கள். நாலாவது மலைக்கு அங்கேயும் இடமில்லை.

'கதைப்பாட்டில் எல்லாரையும் சேர்க்க முடியுமா, தோழர்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, சேணம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

உரித்த தோலைச் சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். மயிர் இளகினபின் சீவி எடுக்க வேண்டும். மறுபக்கம் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்ட வேண்டும். சுண்ணாம்பு போகக் கழுவி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறின தண்ணீரில், முதலில் நீர்த்த சாறு, பிறகு கெட்டிச் சாறு என்று குழி மாற்றி மாற்றி வாரக்கணக்கில் போட வேண்டும். பட்டை உரிப்பதிலும் இடிப்பதிலும் பெண்டுபிள்ளைகளின் கை இருந்தது. பிறகு எண்ணெய் ஏற்றி நிழலில் உலர்த்த வேண்டும். சுண்ணாம்பு, தோலை மட்டுமா தின்னும்? கையையும் தின்னும். அந்தக் கையைக் கண்டுதான் ஊர் 'தள்ளி நில்லு' என்றது.

பதப்படுத்தின தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. முதுகுப் பகுதி கெட்டி, வயிற்றுப் பகுதி இழுத்தால் நீளும். குதிரையின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தை இறுக்கும் பட்டையை முதுகுத் தோலில், முதுகெலும்பு போன நீளவாக்கில் அறுக்க வேண்டும். தெரியாதவன் வயிற்றுத் தோலில் அறுத்தால் நாலு நாளில் தளர்ந்து, சவாரிக்காரன் குப்புற விழுவான். தையலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. குத்தூசியால் போட்ட ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு ஊசி போக வேண்டும். அப்படித் தைத்தால் ஒரு இழை தேய்ந்து அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். சேணத் தையலின் உயிர் இதில்தான் இருக்கிறது. பழுது பார்க்கிறவனும் எங்கே முதலில் தேயும் என்று தெரிந்து அந்த இடத்தைத்தான் முதலில் தொடுவான்.

தேசிங்கு கடைசிச் சண்டைக்குப் போனபோது வராக நதியில் வெள்ளம். குதிரையை ஆற்றில் இறக்கிக் கரையேறினான் என்பது வரலாறும் சொல்கிறது, பாட்டும் சொல்கிறது. பாட்டு அதை வீரம் என்கிறது. இருக்கட்டும். வெள்ளத்தில் நனைந்து கனத்த சேணத்தை அக்கரை வரைக்கும் குதிரையோடு பிடித்து வைத்திருந்தது வயிற்றுப்பட்டையும் அங்கவடி வாரும். அறுக்கத் தெரிந்த ஒருத்தன் அறுத்து, தைக்கத் தெரிந்த ஒருத்தன் தைத்த வார் அது. எல்லாரையும் பாட்டில் சேர்க்கச் சொல்லவில்லை. ராஜாவின் உயிர் யார் கைத் தையலில் தொங்கியதோ அவனை ஏன் சேர்க்கவில்லை என்றுதான் கேட்கிறோம். வாளை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். கொல்லன் உலையில் காற்றடித்த துருத்தி தோல். வாளின் உறை தோல். படை கூட்டின முரசின் முகம் தோல்.

3

இந்த மௌனம் தேசிங்கு கதையோடு தொடங்கியதில்லை. நாம் எம்.ஏ. படிக்கும்போது பெருமையோடு படித்த புறநானூற்றிலேயே அதன் இலக்கணம் இருக்கிறது. 82ஆம் பாட்டு. சாத்தந்தையார் பாடியது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதின வேகத்துக்கு அவர் ஒரு உவமை சொல்கிறார். ஊரில் திருவிழா, அதற்குப் போக வேண்டும். வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி. அங்கேயும் ஓட வேண்டும். மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. இந்த அவசரத்தில் ஒருத்தன் தோல்வாரால் கட்டில் பின்னிக்கொண்டிருக்கிறான். அவன் கையில் ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ அவ்வளவு வேகமாம் ராஜாவின் சண்டை. அந்த ஆளைப் புலவர் அழைக்கும் சொல் இழிசினன்.

வகுப்பில் இதை 'உவமை நயம்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். ஊசியின் வேகம், மற்போரின் வேகம், என்ன அழகு! பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினோம். அந்த மனைவிக்குப் பிரசவம் ஆனதா, பிள்ளை பிழைத்ததா என்று வகுப்பில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவன் ஏன் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போகவில்லை? மனைவி துடிக்கும்போதும் மழையில் உட்கார்ந்து பின்ன வேண்டிய கட்டில் யாருடைய கட்டில்? பாட்டே இந்தக் கேள்விகளை எழுப்புகிறது, உரைகள்தான் தாண்டிப் போகின்றன. சாத்தந்தையார் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். இவ்வளவு துல்லியமாக ஒரு உழைப்பாளியின் மாலைப்பொழுதைச் சொன்ன பாட்டு சங்கப் பாட்டில் அபூர்வம். பார்த்ததெல்லாம் ராஜாவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்பதுதான் நம் வழக்கு. வாகை சூடினவன் ஒருவன், உவமையானவன் ஒருவன்.

முரசும் அப்படித்தான். இரண்டு காளையை மோதவிட்டு, ஜெயித்த காளையின் தோலைப் போர்த்தின முரசைக் கழாத்தலையார் 288ஆம் பாட்டில் சொல்கிறார். மாட்டின் வீரம் முரசுக்கு ஏறுகிறது, முரசின் வீரம் ராஜாவுக்கு ஏறுகிறது. அந்த முரசுக்கென்று கட்டில் உண்டு, அதில் தெரியாமல் படுத்துத் தூங்கின மோசிகீரனாருக்குச் சேரன் விசிறிவிட்ட பெருமை 50ஆம் பாட்டில் உண்டு. தோலைப் போர்த்தி, வார் இழுத்து, சுருதி சேர்த்தவனுக்குப் பாட்டில் இடமில்லை. 'தோல்' என்றாலே சங்கத் தமிழில் கேடயம் என்று ஒரு பொருள் உண்டு. தொல்காப்பியம் சொல்லும் எட்டு வனப்பில் ஒன்றுக்கே தோல் என்று பெயர். தோல் இலக்கணத்துக்குள் போய்விட்டது, தோலைத் தொட்டவன் சேரிக்குப் போனான்.

4

எல்லாக் கதைகளும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. அங்கேதான் நம் விமர்சனம் கவனமாக நடக்க வேண்டும்.

நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பனனான முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களின் மேல் ஆசைப்படுகிறான். அவர்கள் தகப்பன் வாலப்பகடை, தோல் வேலை செய்கிற சக்கிலியன். அவன் பெண் கொடுக்க நிபந்தனை போடுகிறான்: பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள், தைத்ததை விற்றுக் காட்டு. பட்டன் செய்கிறான். தமிழ்க் கதைப்பாட்டில் தோல் வேலை ஒரு தேர்வாக, படிப்பாக, தகுதியாக வருகிற இடம் இது. தேர்வு வைக்கிறவன் வாலப்பகடை. பட்டன் மாடு காக்கப் போய்ச் செத்துத் தெய்வமாகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றைக்கும் ஜனங்கள் செருப்புத்தான் காணிக்கை செலுத்துகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்கிற நாட்டில் செருப்பையே காணிக்கையாக வாங்குகிற சாமி!

இந்தக் கதையையும் சும்மா விட்டார்களா? பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனப் பெண்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு ஒட்டுப்போட்டார்கள். மதுரைவீரனுக்கும் இதே வைத்தியம். சக்கிலியர் வீட்டில் வளர்ந்த வீரன் காசிராஜன் மகனாகிவிட்டான். 1956ல் வந்த 'மதுரை வீரன்' படத்தில் அந்த வளர்ப்புத் தாய்தகப்பனாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வந்தார்கள், நாட்டுக்கே பிரியமான நகைச்சுவை ஜோடி. செருப்புத் தைக்கிற தகப்பன் சிரிக்க வைப்பான், ராஜரத்தம் ஓடுகிற மகன் சண்டை போடுவான். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தேசிங்கு கதை தோல்காரனை விட்டுவிட்டது என்றால் இந்தக் கதைகள் அவனை உள்ளே விட்டுப் பிறப்பைத் திருடின. இரண்டாவது வேலை இன்னும் நுட்பமானது.

5

வெளிநாட்டில் ஒரு விளையாட்டு நடக்கிறது. 1966ல் அமெரிக்காவில் பெர்க்லியில் சில பேர் சேர்ந்து, ஐரோப்பாவின் இடைக்கால உடை உடுத்தி, கவசம் போட்டுச் சண்டை பிடித்து, ராஜா ராணி என்று அரசவை கூட்டினார்கள். 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்' என்று அதற்குப் பெயர். இன்றைக்குப் பல நாட்டில் கிளை இருக்கிறது. சண்டையில் ஜெயித்தவன் கொஞ்ச காலம் ராஜா. கேட்டால் நம்மூர்க் கூத்து மாதிரித்தான் இருக்கிறது என்று தோன்றும். படுகளம் போட்டுப் பதினெட்டாம் போரை ஊரே நடிக்கிற செஞ்சி வட்டாரத்துக்காரனுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை.

அதிசயம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த விளையாட்டில் வாள்வீச்சுக்கு வீரப்பட்டம் இருப்பதுபோல, கைவேலைக்கும் 'லாரல்' என்று ஒரு பட்டம் இருக்கிறது. தோல் கவசம், இடுப்புவார், வாளுறை, செருப்பு என்று பழைய முறையை ஆராய்ந்து கையால் செய்து, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்களை நிறைந்த சபையில் கூப்பிட்டு அந்தப் பட்டம் சூட்டுகிறார்கள். வீரப்பட்டமும் லாரலும் அங்கே சமம். விளையாட்டு ராஜாவுக்குக்கூட வார் தைத்தவன் யார் என்று தெரிந்திருக்கிறது.

இதை வைத்து வெள்ளைக்காரனைப் புகழ வேண்டியதில்லை. நிஜமான இடைக்கால ஐரோப்பாவிலும் தோல் பதனிடுகிறவனை நாற்றம் என்று சொல்லி ஊர் ஓரத்துக்குத்தான் தள்ளினார்கள். இன்றைக்கு அங்கே விளையாடுகிற தோல் கலைஞன் வாரக்கடைசியில் தைக்கிறான், திங்கட்கிழமை ஆபீஸ் போகிறான். அவன் மகன் தைக்க வேண்டும் என்று யாரும் சொல்லப்போவதில்லை. இந்த மாதிரி விளையாட்டுக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற கவசங்களிலும் தோல் சாமான்களிலும் ஒரு பகுதி மீரட் மாதிரியான ஊர்களிலிருந்து ஏற்றுமதியாகிறது. கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. குறியீடு ஊருக்கு, தைக்கிற ஆளுக்குக் கூலி.

நம் பக்கத்தில் விருதே இல்லையா என்றால் இருக்கிறது. பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே பட்டியலில் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தெருக்கூத்துக்காக இருந்தார். சந்தோஷம்தான். ஆனால் பறை அடிக்கிறவருக்கு விருது வந்ததென்றால் அதற்கு முன்னால் 'சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று பறையைக் கீழே போட்டு உதை வாங்கின ஊர்கள் இருக்கின்றன. அந்த மறுப்பு இல்லாமல் இந்த மேடை இல்லை. அடிமை வேலையாக அடித்தவரைக்கும் அது இழிவு. 'இஷ்டமிருந்தா அடிப்பேன்' என்று சொல்ல முடிந்தபிறகுதான் அது கலை.

6

தோல் வேலையில் அந்த 'இஷ்டம்' இன்னும் வரவில்லை என்பதுதான் பிரச்சனை. 1927ல் மகாடில் அம்பேத்கர் நம்மைச் செத்த மாட்டை விடச் சொன்னார். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனா அருகே செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். உரிக்காவிட்டாலும் அடி, உரித்தாலும் அடி. அப்புறம் சுரேந்திரநகர்க்காரர்கள் செத்த மாடுகளைக் கலெக்டர் ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டு, 'உங்க அம்மாவை நீங்களே அடக்கம் பண்ணிக்கங்க' என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார்கள்.

தேசிங்கு கதையின் மிச்சமும் இங்கேதான் வந்து சேர்கிறது. உடன்கட்டை ஏறின தேசிங்கின் மனைவி நினைவாக நவாப் ஒரு ஊரை உண்டாக்கினான். ராணிப்பேட்டை. எரிந்துபோன பெண்ணுக்கு ஊர் ஒன்று விருது. அந்த ராணிப்பேட்டைதான் இன்றைக்குத் தோல் தொழிற்சாலைகளின் ஊர். ஆவாரம்பட்டை போய் குரோமியம் வந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகளின் கழிவைப் பற்றி முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. மூடிக்கிடக்கிற குரோமேட் ஆலையில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்தது. 2015 ஜனவரி 31ஆம் தேதி விடியுமுன் சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் சேற்றில் மூழ்கினார்கள். பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வராக நதி வெள்ளத்துக்குப் பாட்டு இருக்கிறது. இந்த வெள்ளத்துக்கு யார் பாட்டு கட்டினார்கள்?

நம் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம். செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்தில் அருந்ததியர் குறைவு, பறையர் அதிகம். தலித் எழுத்து என்று நாம் எழுதினதில் பறை வந்த அளவுக்கு ஊசியும் உளியும் வந்ததா? மாசியில் மயானக்கொள்ளைக்கு மலையனூரே பம்பைச் சத்தத்தில் அதிர்கிறது. பம்பைக்குத் தோல் போடுகிற வீட்டுக்கதையை நாம் கேட்டு எழுதினோமா? 2009ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மிலேயே முகம் சுளித்தவர்கள் உண்டு. 'தெலுங்கு பேசறவங்க, நாயக்கரோட வந்தவங்க' என்று ஆதிக்கசாதியின் வாயால் பேசினார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. சட்டம் ஒத்துக்கொண்டதை இலக்கியம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. புறநானூறு 82ல் தோல்வாரோடு உட்கார்ந்திருக்கிறவன் எந்த நாயக்கரோடு வந்தான்?

7

இப்போது பெயர்ப் பிரச்சனை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் சொன்னார். அக்டோபரில், சாதிப் பெயர் தாங்கின தெரு, குடியிருப்பு, நீர்நிலைகளின் பெயரை மாற்ற அரசாணை வந்தது. இழிவுப் பெயர் போக வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது யோசனை கிடையாது. 'சக்கிலி' என்று கூப்பிட்டு அடிபட்டவர்களுக்கு அந்தச் சொல் மலையில் எழுதியிருந்தாலும் வலிக்கும்.

ஆனால் செஞ்சியின் நாலாவது மலை விஷயத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. கோட்டை முழுவதிலும் தோல் தொழிலாளி இருந்ததற்கான தடயமாக நம் கையில் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். ராஜாவுக்குக் கல்வெட்டு, ராணிக்கு ஊர், குதிரைக்குப் பாட்டு. இவனுக்கு ஒரு வசவுச்சொல், அதுவே ஆவணம். அதைத் துடைத்துவிட்டு 'நாலாம் குன்று' என்றோ ஏதாவது சாமி பெயரோ வைத்தால், இழிவோடு சேர்த்து ஆளையும் துடைத்தாகிவிடும். அடுத்த தலைமுறைக்கு மூன்று மலைதான் மிஞ்சும். ஆகவே பெயரை மாற்றும்போது பழைய பெயரை ஏன் மாற்றினோம் என்பதையும் அங்கேயே எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். தோல்வினைஞர் மலை என்று வைக்கலாம். வேறு நல்ல பெயரை அருந்ததியத் தோழர்களே சொல்லட்டும், அவர்கள் சொல்வதுதான் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். உலகப் பாரம்பரியம் என்று கூட்டம் வர ஆரம்பித்தால், நாளைக்கு யாராவது கோட்டைக்குள் தேசிங்கு வேசம் கட்டி, குதிரை விட்டு, ஓரத்தில் 'பாரம்பரியத் தோல் கைவினை' என்று ஒரு குடிசை போட்டு, நம் பையன் ஒருத்தனை வேட்டி கட்டவைத்துச் செருப்புத் தைக்க உட்கார்த்துவார்கள். போட்டோ பிடிக்க வருவார்கள். மரியாதை மாதிரி இருக்கும். அதற்கு நாம் ஒத்துக்கொள்ளக் கூடாது. தைக்க ஆசைப்படுகிற யாரும், எந்தச் சாதிக்காரனும், அந்த வித்தையைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ளட்டும்; வாலப்பகடை வைத்த மாதிரி தேர்வு வைத்துச் சொல்லிக்கொடுப்போம். நம் பிள்ளை அங்கே இருக்க வேண்டுமென்றால் சொல்லிக்கொடுக்கிறவனாக, அல்லது கோட்டை வரலாற்றை எழுதுகிற தொல்லியல்காரனாக இருக்கட்டும்.

படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்தமுறை 82ஆம் பாட்டை நடத்தும்போது எழுந்து நின்று கேளுங்கள்: 'ஐயா, அந்தம்மாவுக்குப் பிரசவம் என்னாச்சு?' வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். கூத்துக் கட்டுகிற தோழர்கள் தேசிங்கு ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் ஒரு காட்சி சேர்க்கலாம்: நாலாவது மலையிலிருந்து ஒருத்தன் இறங்கி வந்து, சேணப்பட்டையை இழுத்துப் பார்த்து, 'இந்த இடம் தேஞ்சிருக்கு, தெச்சிட்டுப் போ' என்கிறான். ராஜா காத்திருக்கிறான். அந்தக் காட்சியை எழுதுகிறவர் இந்தப் பத்திரிகைக்கே அனுப்பலாம்.